சிராய்ப்பில் சரளை மண் ஒட்டியிருந்தால்

காரைக்குடிப் பக்கத்துத் தெருக்களில் சைக்கிளிலிருந்து விழும் பிள்ளைகளுக்கு முழங்காலில் தோல் உரிவதோடு செம்மண்ணும் பொடிச் சரளையும் உள்ளே அப்பிக்கொள்ளும். அதை எடுப்பதுதான் முக்கால்வாசி வைத்தியம். மருந்தெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் உங்கள் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு காயத்தைக் குழாய்த் தண்ணீரில் ஐந்து நிமிடமாவது காட்டுங்கள். ஊருணித் தண்ணீர் வேண்டாம். சோப்பைக் காயத்தைச் சுற்றி மட்டும் போடுங்கள். பிள்ளை அழுதாலும் பாதியில் நிறுத்தாதீர்கள். தங்கிவிடும் மண் சீழ் பிடிக்க வைக்கும், ஆறிய பிறகு தோலுக்கடியில் கறையாகவும் நின்றுவிடும். கழுவியும் போகாத துகளை, ஸ்பிரிட்டில் துடைத்த சிறு இடுக்கியால் மெல்ல எடுக்கலாம்.

காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். ஆச்சிமார் அன்போடுதான் சொல்கிறார்கள், ஆனாலும் காயத்துக்குள் இன்னொரு தூள் போவது நல்லதல்ல. மெல்லியதாக வாசலின் தடவி, ஒட்டாத கட்டுத்துணியால் மூடுங்கள். காயவிட்டால் சீக்கிரம் ஆறும் என்பது தவறு. ஈரப்பதம் இருந்தால்தான் புதுத்தோல் விரைவில் வளரும். கட்டைத் தினமும் மாற்றுங்கள்.

கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால், மண்பட்ட காயத்துக்கு மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அழுத்திப் பிடித்தும் பத்து நிமிடத்தில் இரத்தம் நிற்காவிட்டாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நீரிழிவு உள்ள பெரியவர்கள் சின்னக் காயத்தையும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.