தெரு மரத்துக்கு ஒரு டைரி போடுவது எப்படி

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை வியாசர்பாடியில் எங்கள் தெருவின் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தது. அடுத்த கோடையில் ராத்திரி பத்து மணிக்குக்கூட வீட்டுச் சுவர் சுட்டது. மரம் நின்றவரை என்ன வேலை செய்தது என்று நாங்கள் யாரும் எழுதி வைக்கவில்லை. நீங்களாவது எழுதி வையுங்கள்.

வேம்போ புங்கமோ, தினமும் கண்ணில் படுகிற ஒரு மரம் போதும். ஒரே மாதிரி இரண்டு தெர்மாமீட்டர் வாங்கி, முதலில் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துச் சரிபாருங்கள். அப்புறம் ஒன்று மரத்தடியில், இன்னொன்று மரமே இல்லாத தெருவில், நெஞ்சு உயரத்தில். இரண்டின் மேலும் வெயில் நேராகப் படக்கூடாது, பட்டால் காற்றின் சூட்டைக் காட்டாது, தன் சூட்டைத்தான் காட்டும். காலை பதினொன்றுக்கு ஒருமுறை, ராத்திரி ஒன்பதுக்கு ஒருமுறை பாருங்கள். நம் பக்கம் கடல்காற்று ஏறிவிட்டால் இரண்டு தெருவுக்கும் உள்ள வித்தியாசம் குறைந்துவிடும், அதனால் காற்று வந்த நேரத்தையும் மறக்காமல் குறியுங்கள். வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான் என்றால் சோர்ந்துவிட வேண்டாம். இரண்டு தெருவிலும் தரையில் கை வைத்துப் பாருங்கள், அங்கேதான் நிழலின் அருமை தெரியும்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. காலையில் இலையுள்ள ஒரு சிறு கிளையைப் பாலிதீன் கவருக்குள் விட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் கவரின் உள்ளே தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், உடனே அவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் இலை வெந்துவிடும். வேர் உறிஞ்சிய தண்ணீர் அது. ஒரு லிட்டர் ஆவியாக ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும், வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் அதை மரம் எடுத்துக்கொள்வதால்தான் சுற்றிலும் சூடு தணிகிறது. புழுக்கமான நாளில் ஈரம் நிறைந்த காற்று அவ்வளவு ஆவியை வாங்காது, அன்றைக்கு நிழல்தான் நமக்குத் துணை.

இது மரம் காலநிலைக்குச் செய்வது. காலநிலை மரத்துக்குச் செய்வதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். புங்கம் இலை கொட்டிய தேதி, தளிர் விட்ட தேதி, வருஷப்பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூ மரத்தில் இருந்ததா, ஐப்பசி மழை எப்போது தொடங்கியது, எல்லாம் எழுதுங்கள். ஒரு வருஷம் பூ முந்தினால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, காலநிலை என்று பேச உலக வானிலை அமைப்பே 30 ஆண்டுச் சராசரியைத்தான் எடுக்கிறது. அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை; தெருவில் உள்ள பாட்டி தாத்தாவிடம் அந்தக் காலத்தில் எந்த மரம் எங்கே நின்றது, எப்போது பூத்தது என்று கேட்டு, கேட்டதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், நீங்கள் அளந்ததோடு கலக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவருக்கும் அளக்கக் கற்றுக்கொடுங்கள், நீங்கள் ஊருக்குப் போகிற நாட்களில் டைரி விட்டுப்போகாது.