நங்கூர போல்ட்டில் மீண்டும் மீண்டும் வழிந்த துரு

பாறையேற்றப் பாதையின் உச்சி நங்கூரத்தில், அதாவது ஏறுபவரின் கயிற்றைத் தாங்கப் பாறையில் பதித்த போல்ட்டில், துருப்பிடிக்காத எஃகு ஹேங்கரை (கொக்கி மாட்டும் துளையுள்ள தகட்டை) புதிதாக மாட்டிய பிறகும், ஒரே மழைக்காலத்தில் அதன் கீழே பழுப்புக் கறை வழிந்தது. ஹேங்கர் போலியோ என ஐயுற்று, அசல் துருப்பிடிக்காத எஃகு காந்தத்தில் ஒட்டாது என்று நம்பி, காந்தம் வைத்துச் சோதித்து இரண்டு நாட்களை வீணாக்கினேன். பரவலாகப் பயன்படும் 304 வகைத் துருப்பிடிக்காத எஃகுகூட வளைத்து வடித்த இடங்களில் காந்தத்தில் மெல்ல ஒட்டும் என்பதால் அச்சோதனை எதையும் நிரூபிக்காது. நட்டைக் கழற்றிய பின்னரே, பளபளத்த நட்டும் ஹேங்கரும் மறைத்திருந்த பழைய 10 மி.மீ. போல்ட் துத்தநாகம் பூசிய சாதாரண எஃகு என்பதும், ஈரத்தில் இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்ததால் அது விரைந்து அரிக்கப்பட்டதும் புலப்பட்டன. அதை உருவி, துளையை 12 மி.மீ. ஆக்கி, தூசியை முற்றிலும் ஊதி அகற்றி, போல்ட் முதல் ஹேங்கர் வரை அனைத்தையும் அரிப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகிலேயே பொருத்தி, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு இறுக்கினேன். அடுத்த மழைக்குப் பின் கறை இல்லாததைக் கண்டபோதுதான் நிம்மதி வந்தது.