கடினமான ஆங்கில வார்த்தைகள்: லிஸ்டை மனப்பாடம் செய்யாமல் கற்பது எப்படி?

ஜிஆர்இ, ஐஇஎல்டிஎஸ், பேங்க் எக்ஸாம் என்று எதற்குத் தயாரானாலும் பெரும்பாலானோர் முதலில் செய்வது ஒன்றுதான். ஆயிரம் வார்த்தைகள் கொண்ட பிடிஎஃப் ஒன்றை இறக்கி, இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ் என்று 'ஏ' வரிசையிலிருந்து நெட்டுருப் போடத் தொடங்குவார்கள். 'பி' முடிவதற்குள் 'ஏ' பாதி மறந்திருக்கும். உங்கள் ஞாபகசக்தியைக் குறை சொல்லாதீர்கள், ஒரே எழுத்தில் ஆரம்பித்து ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கிற, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத முப்பது வார்த்தைகளை ஒரே மூச்சில் திணித்தால் யாருக்கும் குழம்பத்தான் செய்யும்.

எந்த வார்த்தைகளைப் படிப்பது? வாயில் நுழையாத வார்த்தைகளைத் தேடிப் போகவேண்டாம். நியூசிலாந்தில் அவெரில் காக்ஸ்ஹெட் என்ற மொழியியலாளர் 2000-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். மிகச் சாதாரணமான 2000 வார்த்தைகளை விலக்கிவிட்டு, கல்விசார்ந்த எழுத்தில் பல துறைகளிலும் திரும்பத் திரும்ப வருகிற 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கிற வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தொகுத்தது அது. அகாடமிக் வேர்ட் லிஸ்ட் என்று தேடினால் இலவசமாகவே கிடைக்கும். 'ஆம்பிகுவஸ்', 'ஃப்ளக்சுவேட்', 'ஹைபாதெசிஸ்' எல்லாம் அதில் உண்டு. இவை தடுமாறாமல் வருகிறதா என்று முதலில் பாருங்கள், 'லோக்வேஷியஸ்' (ஓயாமல் பேசுகிற) எல்லாம் அப்புறம். ஜிஆர்இ எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: நேரடியாக எதிர்ச்சொல் கேட்கும் கேள்விகளை 2011-லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்கியத்தில் கோடிட்ட இடத்தை நிரப்பவேண்டும், அதற்கு ஒற்றை வரி அர்த்தம் போதாது.

லிஸ்டை செக் பண்ண மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வார்த்தைகளை நீங்கள் வாசிப்பதிலிருந்து எடுங்கள். தினம் ஒரு தலையங்கமோ, பிடித்த விஷயத்தில் ஒரு கட்டுரையோ போதும், கிரிக்கெட் என்றாலும் சரி. தெரியாத வார்த்தை வந்ததும் டிக்‌ஷனரியைத் திறக்காதீர்கள். அடிக்கோடிட்டு, இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்துவிட்டு மேலே வாசியுங்கள். முடித்த பிறகு அதில் இரண்டு மூன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஊகித்துப் பார்த்துவிட்டுத் தெரிந்துகொண்ட அர்த்தம் எளிதில் மறக்காது.

ஒரு வார்த்தையை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 'மிட்டிகேட்' என்று ஒன்று. ஆங்கில-தமிழ் அகராதி 'தணி, குறை' என்று சொல்லும். அதை மட்டும் நம்பினால் வண்டியின் வேகத்தையும் மிட்டிகேட் செய்வீர்கள், கடைக்காரரிடம் விலையையும் மிட்டிகேட் செய்யச் சொல்வீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றுமே மொழி கற்பவர்களுக்கென்று வைத்திருக்கிற ஆன்லைன் டிக்‌ஷனரியில் உதாரண வாக்கியங்களைப் பாருங்கள், அதன் பக்கத்தில் ரிஸ்க், டேமேஜ், இம்பேக்ட் என்று கெட்ட சமாச்சாரங்களாகவே வரும். கெடுதலின் வீரியத்தைக் குறைப்பது என்பது அங்கே பிடிபடும். கோர்ட் செய்தியில் 'மிட்டிகேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ்' என்று வந்தால், குற்றவாளியின் தண்டனையைக் குறைக்க இடம் தருகிற சூழ்நிலைகள். வலியையும் வறுமையையும் குறைப்பதற்கோ 'அலீவியேட்'தான் அதிகம் வரும். கூடவே 'மிலிட்டேட்' என்று ஒன்று இதே மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு திரியும், அது 'அகெய்ன்ஸ்ட்' சேர்த்து வந்து, ஒன்றுக்கு இடைஞ்சலாக இருப்பதைச் சொல்லும். நோட்டில் எழுதும்போது அர்த்தத்தோடு இந்தக் கூட்டாளிகளையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்தது, அது பாராட்டா திட்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். 'த்ரிஃப்டி', 'ஸ்டிஞ்சி' இரண்டுமே காசைப் பார்த்துச் செலவு செய்பவரைத்தான் சொல்கின்றன, ஆனால் முன்னது சிக்கனம், பின்னது கஞ்சத்தனம். 'நோட்டோரியஸ்' என்றால் பிரபலமானவர் என்று படித்துவிட்டு ஒரு விஞ்ஞானியை அப்படி எழுதினால், அவர் ஏதோ மோசடியில் மாட்டியவர் என்றுதான் அர்த்தமாகும்.

எங்கே பயன்படுத்துவது என்பதும் இதோடு ஒட்டியதுதான். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு நெடுங்காலம் அரசவையிலும் கோர்ட்டிலும் பிரெஞ்சுதான், படிப்பும் சர்ச்சும் லத்தீனில். அதனால் ஒரே செயலுக்கு ஆங்கிலத்தில் அடுக்கடுக்காகச் சொற்கள் உண்டு. 'ஆஸ்க்' பழைய ஆங்கிலம், 'கொஸ்சின்' பிரெஞ்சு வழி வந்தது, 'இன்டெராகேட்' லத்தீன். நண்பரிடம் கேட்பது முதலாவது, போலீஸ் கேட்பது கடைசி. நமக்கு இது புதிதில்லை, 'கேட்டார்', 'வினவினார்', 'விசாரித்தார்' மூன்றையும் நாம் இடம் மாற்றிப் போடுவதில்லையே.

வேர்ச்சொற்கள் படிக்கலாமா? படிக்கலாம், நல்ல பலன் உண்டு. 'லோக்வ்' என்றால் பேச்சு என்று தெரிந்தால் எலோக்வென்ட், லோக்வேஷியஸ், கொலோக்வியல், சொலிலொக்வி நான்கும் ஒரே குடும்பமாகத் தெரியும். ஆனால் அதையே நம்பி அர்த்தம் சொல்லாதீர்கள். 'எனர்வேட்' என்பதை எனர்ஜி கொடுப்பது என்று நினைப்பவர்கள் ஏராளம், உண்மையில் சக்தியை உறிஞ்சித் தளரவைப்பது. 'நாய்சம்' என்றால் சத்தமானது இல்லை, குமட்டுகிற நாற்றம் போன்றது.

சரி, இவ்வளவு படித்ததும் மறந்துபோகுமே? மறக்கும், எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே தன்னை வைத்தே சோதித்து, படித்த கொஞ்ச நேரத்திலேயே பெரும்பகுதி மறந்துபோவதைக் காட்டிவிட்டார். மருந்து, இடைவெளி விட்டு நம்மை நாமே கேள்வி கேட்பது. ஒரு அட்டையில், வார்த்தை இருக்கவேண்டிய இடத்தில் கோடு போட்டு, நீங்கள் வாசித்த வாக்கியத்தையே எழுதுங்கள், பின்பக்கம் வார்த்தை, உச்சரிப்பு, கூட்டாளிகள். அட்டைகளைப் போட்டுவைக்க ஒரு பெட்டி, அதில் ஐந்து தடுப்பு. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும், தவறினால் எங்கே இருந்தாலும் முதல் தடுப்புக்கு வரவேண்டும். முதல் தடுப்பை தினமும் பாருங்கள், அடுத்தடுத்தவற்றை நாள் தள்ளித் தள்ளி. லைட்னர் பெட்டி என்று இதற்குப் பெயர். போனில் வேண்டுமென்றால் ஆன்கி ஆப் இதையே தானாகச் செய்யும், ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு. யாரோ செய்துவைத்த ஐயாயிரம் அட்டையை இறக்காதீர்கள், அது பழைய பிடிஎஃப்தான். அட்டையை நீங்களே எழுதுவதில்தான் பாதி படிப்பு இருக்கிறது.

ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்கில் நான்கு அளவுகோல்களில் ஒன்று சொல்வளம், கால்பங்கு மதிப்பெண் அதற்கு. அதற்காக வரிக்கு வரி 'ப்ளெத்தோரா' (அளவுக்கு மீறிய ஏராளம்) போட்டால் எடுபடாது, சொல் இடத்துக்குப் பொருந்துகிறதா என்றும் பார்ப்பார்கள். கூட்டாளிகளோடு தெரிந்த வார்த்தையை மட்டும் எழுதுங்கள், சந்தேகமிருந்தால் எளிய வார்த்தையே மேல்.

பேசுவதற்கு முன் டிக்‌ஷனரியில் ஸ்பீக்கர் பட்டனை ஒருமுறை அமுக்கிக் கேட்டுவிடுங்கள். எழுத்தைப் பார்த்து 'எபிடோம்' என்று சொல்லத் தோன்றுவது 'இபிட்டமி', 'ஹைப்பர்போல்' என்று தோன்றுவது 'ஹைப்பர்பலி', 'சப்டில்' என்று தோன்றுவது 'சட்டில்'. இண்டர்வியூவில் பெரிய வார்த்தையைச் சொல்லி எதிரில் இருப்பவருக்கு அது என்னவென்றே புரியாமல் போனால், அந்த வார்த்தையைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.