மட்டக்களப்பில் வீட்டோடு தேயிலை பக்கெட் தொழில்: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும் தேயிலை விளையாது, ஆனால் விளைகிற இடத்துக்கு நல்ல ரோட்டு இருக்கிறது. பதுளையில் இருந்து பிபிலை, மகா ஓயா வழியாக வரும் ஏ5 வீதி செங்கலடியில் வந்து முடிகிறது. ஏ4 வீதி வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ என்று இறங்கி பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை தாண்டி மட்டக்களப்புக்கு வருகிறது. காலையில் மலையில் ஏற்றின சாக்கு பின்னேரம் உங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கும். அதனால் மொத்தமாக வாங்கி, கலந்து, பக்கெட் போட்டு விற்பதை ஒரு குடும்பமே செய்யலாம். தேத்தண்ணிக் கடை போடுவது வேறு தொழில், அதைப் பற்றி இங்கே பேசவில்லை.

தொடங்குகிறவர்கள் அநேகமாக முதலில் பெயர் யோசிப்பார்கள், லேபல் கீறுவார்கள், லோகோவுக்குக் காசு கொடுப்பார்கள். அதெல்லாம் பிறகு. உங்கள் தேயிலையைக் குடிக்கப்போகிறவர் எந்தத் தண்ணீரில் ஊற்றப்போகிறார் என்பதுதான் முதல் கேள்வி. கரையோரத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினம், சில இடத்தில் கொஞ்சம் உவர். அப்படியான தண்ணீரில் நுவரெலியாவின் மெல்லிய தேயிலையைப் போட்டால் நிறம் மங்கும், மேலே ஆடை மாதிரி ஒன்று மிதக்கும், விலை கூடின வாசம் எல்லாம் எங்கே போனதென்றே தெரியாது. அதே தேயிலையை உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீரில் ஊற்றிப் பாருங்கள், ஆளே மாறிவிடும். ஆகவே மாதிரி கொண்டுவந்தால் உங்கள் வீட்டுத் தண்ணீரில் மட்டும் பார்க்காமல், காத்தான்குடியில் விற்கப்போகிறீர்கள் என்றால் அங்கிருந்து ஒரு போத்தல், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு என்றால் அங்கிருந்து ஒரு போத்தல் என்று எடுத்துவந்து பாருங்கள். சோதிக்கும் முறை சிக்கலானது இல்லை: 100 மில்லி கொதித்த தண்ணீருக்கு 2 கிராம், மூடி வைத்து 6 நிமிடம். உலகம் முழுக்க ருசி பார்ப்பவர்கள் ஏறத்தாழ இப்படித்தான் ஊற்றுகிறார்கள். முதலில் வெறும் சாயம், அப்புறம் பசும்பால், அப்புறம் பால்மா, மூன்றும் தனித்தனியே. பால் ஊற்றினதும் சாம்பல் நிறம் அடிக்கிற தேயிலையை நம் ஊரில் ஒருவரும் இரண்டாம் தரம் வாங்க மாட்டார்கள்.

இனி எந்தத் தேயிலை என்று பார்ப்போம். 600 மீட்டருக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை, இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கம் வருவது. கறுப்பான சாயம், கனமான ருசி, வாசம் குறைவு. 1,200 மீட்டருக்கு மேலே போனால் வாசம் கூடும், சாயம் மெலியும். இடையில் இருப்பது மத்திய நிலம். பதுளைப் பக்கம் விளைகிற ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை ஒரு பருவம் உண்டு. நமக்கு உடம்பைக் காயவைக்கிற அதே கச்சான் காற்று அங்கே கொழுந்தைக் காயவைக்க, குளிர்ச்சியான ஒரு தனி வாசம் ஏறுகிறது. அந்த மாதங்களில் நல்ல ஊவா விலையும் ஏறும், அதற்கும் காசு ஒதுக்கி வையுங்கள்.

தரப் பெயர்களைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., டஸ்ட் 1 என்பவை முக்கியமாகத் துகளின் அளவைச் சொல்கின்றன, இந்த மூன்றில் பி.ஓ.பி. பெரியது, டஸ்ட் சிறியது. துகள் சிறிதானால் சாயம் சீக்கிரம் இறங்கும், அதனால் தேத்தண்ணிக் கடைக்காரருக்கு டஸ்டும் பி.ஓ.பி.எப்.உம், வீட்டுக்கு பி.ஓ.பி. என் கருத்தில் கடைக்கான கலவையை பாதிக்கு மேல் தாழ்நிலமும் மிச்சம் ஊவாவுமாகத் தொடங்கி, 100 கிராம் அளவில் கூட்டிக் குறைத்துப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு தரமும் எவ்வளவு போட்டீர்கள் என்று கொப்பியில் எழுதுங்கள், கைக்கணக்கு வேண்டாம், ஏனென்றால் போன மாத ருசி இந்த மாதம் இல்லை என்றால் கடைக்காரர் உங்களிடம் சண்டை பிடிக்க மாட்டார், பேசாமல் வேறு ஆளிடம் வாங்குவார். அதோடு பெரிய துகளையும் டஸ்டையும் ஒரே பக்கெட்டில் கலக்க வேண்டாம். லொறியிலும் ராக்கையிலும் ஆடி ஆடி டஸ்ட் அடியில் போய்விடும், முதல் வாரம் சப்பென்றும் கடைசி வாரம் கசப்பாகவும் இருக்கும்.

வாங்குகிற இடம். கொழும்பு ஏலம் 1883இல் இருந்து நடக்கிறது, நாட்டுத் தேயிலையில் பெரும்பகுதி அதன் வழியேதான் போகிறது. ஆனால் அங்கே போகிற தொகை நூற்றுக்கணக்கான கிலோ, நமக்குச் சரிவராது. பதிவுள்ள மொத்த வியாபாரியிடமோ தொழிற்சாலையின் விற்பனை நிலையத்திலோ பில்லோடு வாங்குங்கள். மலையகத்தில் சொந்தக்காரர் இருந்தால் விசாரிக்க உதவும், ஆனாலும் பில் பில்தான். யாராவது பாதி விலைக்கு சாக்குத் தேயிலை என்று கொண்டுவந்தால் அது பெரும்பாலும் கழிவுத் தேயிலை, தொழிற்சாலை ஒதுக்கித் தள்ளினது. அதை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வாங்கி விற்க முடியாது, மாட்டினால் சாமானும் போகும் பெயரும் போகும். சந்தேகமானதை நனைத்த வெள்ளைக் கடதாசியில் தூவிப் பாருங்கள். தூவின உடனேயே செம்மஞ்சள் திட்டுகள் பரவினால் செயற்கைச் சாயம் சேர்த்திருக்கிறார்கள். ஒரு காந்தத்தையும் ஓட்டிப் பாருங்கள், இரும்புத் தூள் இருந்தால் ஒட்டும். வாயில் போட்டால் இனிக்கிறதா என்றும் பாருங்கள், சீனி சேர்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

கார்த்திகை, மார்கழி மழைதான் இந்தத் தொழிலின் பெரிய எதிரி. தேயிலை ஈரத்தை இழுக்கும், மணத்தை அதைவிட வேகமாக இழுக்கும். கருவாடு, சவர்க்காரம், மிளகாய்த்தூள், சாம்பிராணி எதுவும் அந்த அறைக்குள் வரக்கூடாது, பக்கத்து அறையில் கூட வேண்டாம். சாக்கை நிலத்தில் வைக்காமல் பலகை அடித்து, சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். மழை நாளில் சாக்கைத் திறந்து பக்கெட் போட வேண்டாம், வெயில் ஏறின ஒரு நாளைப் பார்த்து மொத்தமாகப் போட்டு முடியுங்கள். சாதாரண பொலித்தீன் உறை மலிவுதான், ஆனால் நம் உப்புக் காற்றுக்கு உள்ளே அலுமினியப் படலம் உள்ள உறைதான் சரி. வெப்ப சீலர் ஒன்றும் தராசு ஒன்றும் போதும், வேறு இயந்திரம் இப்போதைக்குத் தேவையில்லை.

தராசைப் பற்றி ஒன்று: வியாபாரத் தராசுக்கு அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை இருக்க வேண்டும், அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள், பிரதேச சபையிலோ நகர, மாநகர சபையிலோ வருடாந்த உரிமம் எடுங்கள், இடத்தை பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பி.எச்.ஐ.) நீங்களாகவே கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் சொல்கிற திருத்தத்தை வேலை தொடங்குவதற்கு முன் செய்தால் செலவு குறைவு. பக்கெட் போட்டு விற்பதற்கு என்ன பதிவு வேண்டும் என்று இலங்கைத் தேயிலைச் சபையிடமும் முதலே கேளுங்கள். லேபலில் நிறை, பொதியிட்ட திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், உங்கள் பெயர் விலாசம், அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் வேண்டும், மூன்று மொழியிலும் அடித்துவிடுங்கள். வாள் பிடித்த சிங்கத்தை மட்டும் அழகுக்காகப் போட்டுவிடாதீர்கள், அது தேயிலைச் சபைக்குச் சொந்தமான முத்திரை.

கணக்குக்கு வருவோம். இன்றைய விலையை நான் சொன்னால் அடுத்த கிழமை பிழையாகிவிடும், ஆகவே ஒரு பேச்சுக்கு கிலோ 1,500 ரூபா என்று வைப்போம். லொறிக்கூலி கிலோவுக்கு 30, சிந்தினது, தூசாய்ப் போனது என்று 30, 200 கிராம் உறையும் லேபலும் ஒன்று 25 வீதம் ஐந்துக்கு 125. மொத்தம் 1,685, பக்கெட் ஒன்று 337 ரூபா. இதில் உங்கள் வீட்டு ஆட்களின் சம்பளம் இல்லை, மின்சாரம் இல்லை, கடைக்காரருக்கு விடுகிற கழிவு (கொமிஷன்) இல்லை. பலர் 337ஐப் பார்த்து 370க்கு விற்று லாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பக்கெட் போடுகிற அம்மாவுக்கும், சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிற தம்பிக்கும் ஒரு கூலி போட்டுப் பாருங்கள், அப்போதும் மிஞ்சினால்தான் லாபம். அந்தக் கூலியை மாதாமாதம் கையில் கொடுத்தும் விடுங்கள், இல்லாவிட்டால் ஆளாளுக்கு லாச்சியைத் திறந்து எடுப்பார்கள், நல்ல நாள் பெருநாள் என்றால் கேட்கவே வேண்டாம்.

தேத்தண்ணிக் கடைக்காரரிடம் பேசும்போது கிலோ விலையைப் பேசாதீர்கள், கிளாஸ் கணக்கைப் பேசுங்கள். ஒரு கிளாஸுக்கு 2 கிராம் என்றால் கிலோவுக்கு 500 கிளாஸ், இரண்டரை என்றால் 400. உங்கள் கலவையில் குறைத்துப் போட்டும் சாயம் நிற்கிறது என்று அவர் கடையில், அவர் தண்ணீரில், அவர் துணி வடியில் ஊற்றிக் காட்டினால் பேச்சு முடிந்தது.

கடன் இல்லாமல் இங்கே ஓடாது, ஆனால் ஒரு கடைக்கு ஒரு நிலுவைதான்: பழைய பில் தீர்ந்தால்தான் புதுப் பெட்டி இறக்குவது. மச்சான் கடை என்றாலும் அதே சட்டம், அதை வீட்டில் உள்ள கறாரான ஆளிடம் ஒப்படையுங்கள். படுவான்கரைக்கு வெள்ளாமை வெட்டுக் காலத்தில் 50 கிராம் பக்கெட்டைக் கூட்டிப் போடுங்கள், வயலுக்குத் தேத்தண்ணி போகிற காலம் அது. நோன்பு மாதத்தில் காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருதுப் பக்கம் வியாபாரம் இரவுக்கு மாறும், சாமான் பின்னேரத்துக்கு முன் போய்ச் சேர வேண்டும். அறுகம்பேயில் ஏப்ரல், மேயில் இருந்து ஒக்டோபர் வரை வருகிற வெள்ளைக்காரர்களுக்கு டஸ்ட் வேண்டாம், பெரிய இலை ஓ.பி., பீக்கோ கொஞ்சம் சின்னப் பெட்டியில் போட்டு வையுங்கள். சீசன் முடிய மிஞ்சுவதை மழைக்கு முன் விலை குறைத்தாவது தள்ளிவிடுங்கள்.