தொற்றுக் காலப் பள்ளிவாசல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2020 பிப்ரவரிக் கடைசியில் மலேசியாவில், கோலாலம்பூரின் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசலில் நடந்த தப்லீக் (மார்க்கப் பிரச்சார) கூட்டத்துக்கு ஏறக்குறைய 16,000 பேர் வந்தார்கள். அங்கிருந்து கொரோனா நாடு முழுக்கப் பரவியது. மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பேராக்கிலுள்ள சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊர்களில்கூட ஜும்ஆ என்னும் வெள்ளிக்கிழமைத் தொழுகை நின்றது. மறுபடி திறந்தபோது செய்த தவறுகள் இன்னொரு தொற்றில் திரும்ப வரக் கூடாது.

முதலாவது, வாசலில் காய்ச்சல் பார்த்ததும் நிம்மதியாகிவிடுவது. வெயிலில் மோட்டாரில் வந்தவர் நெற்றியில் கருவியை நீட்டினால் 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும், நிழலில் கொஞ்ச நேரம் உட்கார வைத்தால் இறங்கிவிடும். காய்ச்சலே இல்லாமல் கிருமியோடு வருபவரையோ அது காட்டிக்கொடுக்காது. இருமலா, தொண்டை வலியா என்று வாய்விட்டுக் கேளுங்கள். இருந்தால் வீட்டில் தொழச் சொல்லுங்கள். மழையிரவிலும் குளிரிரவிலும் இருப்பிடத்திலேயே தொழுதுகொள்ள அறிவிக்கச் சொன்னவர்கள் நபிகள் நாயகம். அப்படியிருக்க, வராதவரை ஈமான் (இறைநம்பிக்கை) குறைந்தவர் என்று பேசுவது பெரிய அநியாயம்.

அடுத்தது காற்று. சுவரில் மாட்டிய ஏர்கோன் பெரும்பாலும் உள்ளிருக்கும் காற்றையே குளிரவைத்துச் சுற்றிவிடும். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கம்பளத்துக்கு மருந்தடிப்பதில் காசைக் கரைத்தோம். கொரோனா தரையைவிடக் காற்றில்தான் அதிகம் தொற்றும். ஜன்னலைத் திறந்து காற்றாடி போடுங்கள். வியர்க்கிறதென்றால் குத்பா எனும் ஜும்ஆ உரையைச் சுருக்கலாம்.

ஒளு செய்யும், அதாவது தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் இடத்தை யாரும் கவனிப்பதில்லை. ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) ஒரு மீட்டருக்கு டேப் ஒட்டியிருக்கும். குழாயடியில் ஐந்து பேர் தோள் உரச நின்று, முகக்கவசத்தைக் கழற்றி, வாய் கொப்பளித்துக்கொண்டிருப்பார்கள். வீட்டிலேயே ஒளு செய்து, சொந்த முசல்லாவோடு (தொழுகை விரிப்போடு) வருவதுதான் சரி. குழாயடியைக் கழுவும்போது குளோரின் திரவத்தோடு கழிவறை ஆசிட்டைக் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

தொழுது முடித்ததும் கைகொடுப்பதை நிறுத்துவது மனதுக்குக் கஷ்டம்தான். பெரியவர் கையை நீட்டும்போது எப்படி மறுப்பது? நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொல்லுங்கள், புரிந்துகொள்வார். நோன்புக் கஞ்சியைப் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தனுப்புங்கள். தேத்தண்ணிக்கு உட்காருவதும் வேண்டாம்.

அப்புறம் வேன். தோட்டத்திலிருந்து பன்னிரண்டு பேர் ஒரே வேனில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, பேசிக்கொண்டே வருவார்கள். பள்ளிக்குள் வந்ததும் ஒரு மீட்டர் தள்ளி நிற்பார்கள். வேன் கண்ணாடியை முதலில் இறக்குங்கள், ஏறும்போதே முகக்கவசம் போடுங்கள், முடிந்தால் இரண்டு நடையாக ஆட்களைக் கூட்டிவாருங்கள்.