சிரட்டையில் ஒரு கிட்டார் பிக்: வழுக்காத பிடி, மூன்று முனை, மூன்று நாதம்

பாளையங்கோட்டையில் என்னிடம் கிட்டார் படிக்க வருகிற பிள்ளைகள் முதல் மாதத்தில் சொல்கிற குறை இரண்டு. ஒன்று, இடதுகை விரல்நுனி வலிக்கிறது என்பது. வாசிக்க வாசிக்கத் தோல் காய்த்து அது சரியாகிவிடும். மற்றது, "சார், பிக்கு கையில நிக்கவே மாட்டேங்குது" என்பது. கம்பியை மீட்ட விரலிடுக்கில் பிடிக்கும் சின்னத் தகடுதான் பிக். இதற்கு நாம்தான் ஏதாவது செய்தாக வேண்டும். சித்திரை வெயிலில் விரல் வேர்த்தால் வழவழப்பான பிளாஸ்டிக் பிக் பிடியிலேயே சுற்றிக்கொள்கிறது. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போய் வீடு வீடாக ராத்திரி முழுக்க ஸ்ட்ரம் பண்ணுகிறவர்களுக்கும் (கம்பிகளையெல்லாம் சேர்த்து வீசி மீட்டுகிறவர்களுக்கும்) இதே பாடுதான்.

இது நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலத்தின் ஊர்ப்பக்கம். நாகஸ்வரக்காரர்கள் சீவாளியை, அதாவது வாயில் வைத்து ஊதும் துண்டை, எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று கோயில் கொடையிலோ கல்யாண வீட்டிலோ கவனித்திருப்பீர்கள். நாலைந்தைக் கயிற்றில் கோத்து வாத்தியத்திலேயே தொங்கவிட்டு, ஊதிப் பார்த்து, சீர்செய்து, ஒத்துவராததை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கிட்டாருக்குப் பிக்கும் அப்படித்தான். நாதம் தொடங்கும் இடம் அது. கடையில் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளாமல் நம் விரலுக்கும் நாம் வாசிக்கும் பாட்டுக்கும் ஏற்றபடி செதுக்கிக்கொள்ளலாம். அதற்குச் சமையலறையில் தேங்காய் துருவிப் போட்ட சிரட்டையே போதும்.

பழைய காலத்தில் நல்ல பிக் என்றாலே ஆமை ஓடு. நம் மன்னார் வளைகுடாவிலும் காணப்படும் அழுங்காமையின் ஓட்டில்தான் அதைச் செய்தார்கள். அந்த இனம் அருகிப்போனதால் 1973-இல் உருவான, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கீழ் அதன் சர்வதேச வணிகம் தடை செய்யப்பட்டது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. யாராவது பழைய ஆமை ஓட்டுச் சீப்பைக் கொடுத்து "இதுல செய்யுங்க" என்றால் வாங்காதீர்கள். சிரட்டையில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

வேலையில் இறங்குமுன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்

பிக் கையிலிருந்து நழுவி விழுவது குறைவு. பெரும்பாலும் அது சுற்றுகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அழுத்துகிற புள்ளி அச்சுபோல நிற்க, கம்பி முனையைத் தள்ளத் தள்ள பிக் அந்த அச்சில் திரும்பிக்கொண்டே போகும். அதனால் நட்டநடுவில் ஒரே ஒரு ஓட்டை போட்டாலும், நடுவை மட்டும் சொரசொரப்பாக்கினாலும் பலன் கொஞ்சம்தான். அச்சிலிருந்து தள்ளி இருக்கும் பிடிதான் சுற்றலைத் தடுக்கும். நடுவைச் சுற்றி, சற்று விலகி, மூன்று சின்னத் துளைகள் போட்டால் அழுத்தும்போது தோல் துளைக்குள் பிதுங்கிப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது நாதம். முனை கூராக இருந்தால் கம்பியைத் தொடும் இடம் குறுகலாகிறது. குறுகலான தொடுதல் கம்பியில் நீண்ட அலைகளோடு குட்டி அலைகளையும் எழுப்பும். ஒலி பளிச்சென்று, தெளிவாக வரும். முனை உருண்டையாக, அகலமாக இருந்தால் தொடும் அகலத்தைவிடச் சிறிய அலைகள் சரியாக எழாது. ஒலி கனிந்து, கொஞ்சம் மந்தமாக வரும். மெல்லிய பிக் வளைந்து கொடுப்பதால் ஸ்ட்ரம் மென்மையாகவும், பிக்கின் சலசலப்புச் சத்தத்தோடும் வரும். தடித்த பிக் வளையாது, ஆகவே ஒவ்வொரு சுரமும் திடமாக விழும். ஃபெண்டர் கம்பெனியின் செல்லுலாய்டு பிக்குகளில் தின் என்பது 0.46 மி.மீ., மீடியம் 0.71, ஹெவி 0.96. தனிச்சுரம் வேகமாக வாசிக்கிறவர்கள் விரும்பும் ஜாஸ் த்ரீ என்கிற சின்ன பிக் 1.38 மி.மீ.

நாம் செய்யப்போவது மூன்று மூலைகளும் மூன்று விதமான முக்கோணம். திருப்பிப் பிடித்தால் நாதம் மாறும்.

என்னென்ன வேண்டும்

கெட்டியான முற்றிய தேங்காயின் சிரட்டை, ஆக்ஸா பிளேடு, சின்ன அரம், 3 மி.மீ. டிரில் பிட், கவராயம், காலாவதியான ஏடிஎம் கார்டு இரண்டு மூன்று. ஹார்டுவேர் கடையில், "அண்ணாச்சி, உப்புத்தாள் எண்பது, இருநூத்தி இருபது, நானூறு, அதோட ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பர், எல்லாத்துலயும் ஒவ்வொண்ணு" என்று கேட்டால் போதும், எடுத்துக் கொடுத்துவிடுவார். எண் ஏற ஏற மணல் பொடிசாகும். டிரில் இல்லாதவர்கள் பக்கத்து ஆசாரியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் போட்டுத் தருவார்.

முதல் படி: வடிவம் வரைதல்

தாளில் ஒவ்வொரு பக்கமும் 32 மி.மீ. உள்ள சமபக்க முக்கோணம் வரையுங்கள். நேர்ப்பக்கம் விரலுக்கு உறுத்தும், லேசாக வெளியே பிதுங்க வேண்டும். கவராயத்தை 60 மி.மீ.க்கு விரியுங்கள். ஒரு பக்கத்தின் இரண்டு முனைகளிலிருந்தும் வில் போட்டால், அவை முக்கோணத்தின் எதிர்ப்புறத்தில் ஓரிடத்தில் வெட்டும். அங்கே ஊசியை ஊன்றி, அந்த இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு வில் போடுங்கள். மூன்று பக்கத்துக்கும் இப்படியே. இப்போது மூலைகள் ஏறக்குறைய 90 பாகையில் நிற்கும். கூர்முனைக்கு அது சரியான கோணம்.

இனி மூலைகளை வேறுபடுத்துவோம். ஒன்றைக் கூராகவே விட்டு, நுனியை மட்டும் மழுக்குங்கள். இரண்டாவதில் பென்சிலின் அடிப்பக்கத்தை நிறுத்தி அதன் வட்டத்தை ஒட்டி வளையுங்கள், 3.5 மி.மீ. ஆரம் கிடைக்கும். மூன்றாவதற்குச் சுவர்க்கடிகாரத்தில் போடும் பென்சில் செல். அதன் குறுக்களவு சுமார் 14 மி.மீ., ஆக ஆரம் 7. வீட்டில் கிடப்பதை வைத்தே மூன்று அளவும் வந்துவிட்டது.

இரண்டாம் படி: கார்டில் ஒத்திகை

இதைத் தாண்டிப் போக நினைக்காதீர்கள். ஏடிஎம் கார்டின் தடிப்பு உலகம் முழுக்க 0.76 மி.மீ. அது நமக்கு மீடியம் பிக் அளவு. முதலில் சிப்பையும் காந்தப் பட்டையையும் கத்தரித்து எறிந்துவிட்டு, மீதிப் பிளாஸ்டிக்கில் வடிவத்தை வெட்டுங்கள். இரண்டு துண்டுகளைப் பெவிக்விக் போட்டு ஒட்டினால் ஒன்றரை மி.மீ. தடித்த பிக்கும் தயார்.

இரண்டையும் சில நாள் வாசித்துப் பாருங்கள். கை பெரிதாக இருந்தால் 32 மி.மீ. போதாது என்று தோன்றும், 34 ஆக்குங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு 28 போதும். கார்டு பிளாஸ்டிக் மென்மையானது, சுற்றுக்கம்பிகள் (மேலே மெல்லிய கம்பி சுற்றிய தடித்த கம்பிகள்) அதன் ஓரத்தைச் சீக்கிரம் அரித்துவிடும். வடிவத்தை முடிவு செய்ய மட்டுமே அது.

மூன்றாம் படி: சிரட்டையை வெட்டுதல்

பெரிய தேங்காயின் கண் இல்லாத மூடியை எடுங்கள். பெரிய சிரட்டையில் வளைவு குறைவு. வெளியே ஒட்டியிருக்கும் நாரைக் கத்தியால் சுரண்டி, உள்ளே மிச்சமிருக்கும் பருப்பைத் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். சிரட்டையில் நீளவாக்கில் மூன்று வரம்புகள் ஓடும். அவற்றுக்கு இடைப்பட்ட சீரான பகுதியில் கார்டு வடிவத்தை வைத்து மார்க்கரால் வரையுங்கள்.

கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே நேர்நேராக மூன்று வெட்டு. வளைவாக வெட்ட முயல வேண்டாம், மிச்சத்தை அரம் பார்த்துக்கொள்ளும். பிளேடின் ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடியுங்கள். சிரட்டையைக் கையில் வைத்து அறுக்காமல் கிளாம்பில் மாட்டி, பொறுமையாக அறுங்கள். அவசரப்பட்டால் ஓரம் சில்லாகப் பெயரும். முகத்தில் மாஸ்க் கட்டாயம். சிரட்டைத் தூள் மிக நுண்ணியது, அதனால் தேய்ப்பு வேலை முழுவதும் முற்றத்தில், காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து.

நான்காம் படி: தடிப்பும் நேராக்கலும்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சிரட்டைத் துண்டு இயல்பாகவே குழிந்திருக்கும். குழிந்த உட்பக்கம் கட்டைவிரலுக்கு. விரலின் சதை அந்தக் குழியில் போய் உட்காரும் சுகம் எந்தக் கடைப் பிக்கிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் அதே வளைவு முனைவரை போனால் தொல்லை. முனை கட்டைவிரல் பக்கமாகச் சுருண்டிருப்பதால் கீழ்நோக்கி மீட்டும்போது கம்பியில் வழுக்கிப்போகும், மேல்நோக்கி மீட்டும்போது கொக்கிபோல மாட்டும். ஆகவே நடுக்குழியை அப்படியே விட்டு, மூன்று முனைகளை மட்டும் நேராக்க வேண்டும்.

80 எண் உப்புத்தாளைச் சமதளமான கடப்பைக் கல்லில் விரித்து வையுங்கள். பிக்கின் உட்பக்கத்தை அதில் வைத்தால் மூன்று முனைகளும்தான் தாளைத் தொடும், நடு தொடாது. அப்படியே வட்டமாகத் தேய்த்தால் முனைகள் தானாக ஒரே தளத்துக்கு வரும். பிறகு வெளிப்பக்கத்தைத் திருப்பி, நடுவில் தொடங்கி ஒவ்வொரு முனையை நோக்கியும் சாய்த்துத் தேயுங்கள். நடுவில் மூன்று கார்டு அடுக்கிய தடிப்பு, முனையில் ஒரு கார்டைவிடச் சற்றே கூடுதல் என்று வந்தால் நிறுத்துங்கள். தடிப்பு அளக்கும் வெர்னியர் கருவி இல்லாத வீட்டில் கார்டுதான் அளவுகோல், பக்கத்தில் வைத்து நகத்தால் தடவினாலே வித்தியாசம் தெரியும். கூர்முனையை மற்றவற்றைவிடக் கொஞ்சம் தடிப்பாக விடுங்கள். இல்லையென்றால் சீக்கிரம் உடையும்.

அதற்குப்பின் 220, பிறகு 400. தாளை மாற்றும்போது தூளைத் துடைத்துவிடுங்கள். பழைய மணல் ஒன்று மாட்டிக்கொண்டாலும் கோடு விழும்.

ஐந்தாம் படி: ஓரம்

உங்களுடைய பழைய பிளாஸ்டிக் பிக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முனைக்கு அருகே ஒரு முகத்தின் ஒரு ஓரமும், மறுமுகத்தில் அதற்கு எதிர் ஓரமும் மட்டும் தேய்ந்து மங்கலாக இருக்கும். நாம் யாரும் பிக்கைக் கம்பிக்கு நேர் இணையாகப் பிடிப்பதில்லை, லேசாகச் சாய்த்தே பிடிக்கிறோம், அதனால் வரும் தேய்மானம் அது. வலதுகைக்காரருக்கு ஒருபுறம், இடதுகைக்காரருக்கு மறுபுறம். புதுப் பிக்கில் அந்த ஓரங்களைத்தான் 400 எண் தாளால் சரிவாக மழுக்க வேண்டும். மூன்று முனைக்கும் இப்படியே.

பிறகு 1000 எண் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து ஓரம் முழுவதையும் உருட்டித் தேயுங்கள். கடைசியாகப் பழைய ஜீன்ஸ் துணியில் துளி பற்பசை தடவி, அழுத்தித் தேய்த்தால் கண்ணாடிபோல மின்னும். ஓரம் சொரசொரப்பாக இருந்தால் தடித்த சுற்றுக்கம்பிகளில் 'கிரீச்' என்று இழுபடும் சத்தம் கேட்கும். மைக் வைத்து வாசிக்கும்போது அது பாட்டையே கெடுக்கும். இந்தப் படிக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும்.

ஆறாம் படி: பிடி

பிக்கின் மையத்தைக் குறித்து, அதிலிருந்து 5 மி.மீ. தள்ளி மூன்று புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு மூலையை நோக்கி. அடியில் மரத்துண்டு வைத்து, டிரில்லை மெதுவாக ஓட்டித் துளையுங்கள். துளையின் விளிம்பைப் பெரிதாக மழுக்க வேண்டாம், கை கிழியாத அளவுக்குத் தடவினால் போதும். அந்த விளிம்புதான் பிடிக்கிறது.

துளைகளைச் சுற்றி ஆக்ஸா பிளேடின் பல்லால் சின்னக் கீறல்கள் போடுங்கள். குறுக்கும் நெடுக்குமாக வேண்டாம். மையத்திலிருந்து வெளியே கதிர்கள்போல ஓடட்டும். பிக் சுற்றும் திசைக்கு அவை குறுக்கே நிற்பதால் தடுப்பு பலமாக இருக்கும்.

பார்க்காமலே முனை மாற்ற ஓர் அடையாளமும் வேண்டும். கூர்முனைக்கு நேர் எதிர்ப்பக்கத்தின் ஓரத்தில் அரத்தால் ஒரு சின்ன வெட்டு, நடுத்தர முனைக்கு எதிரே இரண்டு, உருண்டை முனைக்கு எதிரே வெட்டே இல்லை. பாட்டின் நடுவில் பிக்கைத் திருப்பும்போது விரல் தடவியே கண்டுகொள்ளும்.

வார்னிஷ், தேங்காய் எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். பிடிக்காகப் பட்ட பாடெல்லாம் வீணாகும். இவ்வளவு வேலைக்கு இப்போது நேரமில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசித்தே ஆக வேண்டும் என்கிறவர்கள், இருக்கிற பிக்கில் துணி பிளாஸ்டரை இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒருவேளைக்குத் தாங்கும்.

ஏழாம் படி: காதால் சரிபார்த்தல்

போனில் பதிவைப் போட்டுவிட்டு, ஒரே ஜி கோர்டை (சில சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) மூன்று முனைகளாலும் ஒலித்துளைக்கு மேலே வாசியுங்கள். பிறகு பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகள் பொருத்தியிருக்கும் இடம்) ஓரம் போய் மூன்று, பிங்கர்போர்டு (இடதுகை விரல் அழுத்தும் பலகை) முடியும் இடத்தில் மூன்று. பிரிட்ஜ் பக்கம் எந்த முனையும் பளிச்சிடும், பிங்கர்போர்டு பக்கம் எல்லாமே கனியும். ஒன்பது பதிவையும் இயர்போனில் கேட்டால் உங்கள் கிட்டாருக்கு எது எங்கே பொருந்துகிறது என்று தெரிந்துவிடும்.

கூர்முனையை நான் கீர்த்தனை மெட்டைத் தனிச்சுரமாக எடுக்க வைத்திருக்கிறேன். நடுத்தர முனை ஸ்ட்ரம்முக்கு. உருண்டை முனை மெதுவான பாட்டுக்கு, ஒருவர் மட்டும் பாடக் கூட வாசிக்கும்போது. குரலை அமுக்காமல் அடியில் நிற்கும்.

ஒலி மெலிந்து கீச்சென்று இருந்தால் நுனியை 400 தாளில் இரண்டே இழுப்பு இழுத்து மறுபடி கேளுங்கள். மந்தமாக இருந்தால் முனைக்கு இருபுறமும் சற்று எடுத்துக் கூராக்குங்கள். கம்பி மாட்டினால் வடிவத்தைத் தொடாமல் ஓரச் சரிவை மட்டும் கூட்டுங்கள். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது, அதனால் கொஞ்சமாக எடுத்து, நிறையக் கேளுங்கள்.

சிரட்டை நைலானைவிடச் சீக்கிரம் தேயும், எஃகுக் கம்பியில் தினமும் வாசித்தால் கூர்முனைதான் முதலில் மழுங்கும். அப்போது 400, 1000, ஜீன்ஸ் துணி என்று ஐந்தாம் படியை மட்டும் மறுபடி செய்யுங்கள். மிகவும் குறுகிப்போனால், அதைச் சின்னப் பிள்ளையின் கைக்குக் கொடுத்துவிட்டு, அதே மூடியின் மிச்சத்தில் அடுத்ததை வரையுங்கள்.