பழைய லெப்டொப் ஓன் ஆகவில்லையா? அவசரத்தில் நாம் செய்யும் தவறுகள்

யாராவது "லெப்டொப் ஓன் ஆகவில்லை" என்று வந்தால் நான் மூன்று விஷயம் கேட்பேன். லைட் எரிகிறதா, ஃபேன் சத்தம் வருகிறதா, திரையில் கம்பனியின் பெயராவது தெரிகிறதா? லைட்டே எரியாவிட்டால் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும். லைட் எரிந்து திரை கறுப்பாக இருந்தால் ரேமையும் (கணினி ஓடும்போது பாவிக்கும் தற்காலிக நினைவகத் தகடு) திரையையும் சந்தேகிக்க வேண்டும். பெயர் வந்து அதோடு நின்றால் ஹாட் டிஸ்க் (படங்கள், கோப்புகள் எல்லாம் சேமித்திருக்கும் பாகம்) அல்லது விண்டோஸ். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைப் பார்க்காமல் "போமட் அடித்துத் தாருங்கள்" என்று கொண்டுபோய்க் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

என் அக்காவுக்கு அப்படித்தான் நடந்தது. பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் முழுக்க அந்த ஒரு லெப்டொப்பில்தான் இருந்தன. பெயர் வந்து நின்றுவிட்டது என்று கடையில் கொடுத்தார், அவர்கள் ஒரு வார்த்தை கேட்காமல் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். லெப்டொப் ஓடியது, படங்கள் இல்லை. ஹாட் டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டு வேறு கணினியில் பூட்டியிருந்தால் படங்களை எடுத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது, எனக்கு அது இன்னும் மனதில் கிடக்கிறது. அதனால் கடைக்குக் கொடுக்கும்போது "உள்ளே இருப்பதை அழிக்க வேண்டாம்" என்று ஒரு தாளில் எழுதி மூடியிலேயே ஒட்டிக் கொடுங்கள். ஹாட் டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் கேட்டால் திரும்பத் திரும்ப ஓன் பண்ணவே வேண்டாம், ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் தட்டு இன்னும் கீறுப்படலாம்.

லைட்டே எரியாத லெப்டொப்புக்கு அயல் வீட்டுச் சார்ஜரை வாங்கிச் செருகிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. பின் பொருந்தினால் போதாது. சார்ஜரின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரில் அவுட்புட் என்ற இடத்தைப் பாருங்கள். வோல்ட் உங்கள் சார்ஜரில் இருப்பதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக்கூடாது. 19 வோல்ட், 3.42 ஆம்பியர் என்றால் 65 வாட். அந்த இடத்தில் 40 வாட் சார்ஜரைப் பூட்டிவிட்டு லெப்டொப் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சார்ஜர் சரி என்றால் அதைக் கழற்றி, பற்றரியையும் கழற்றி, பவர் பட்டனை 30 செக்கன் அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் பற்றரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகிப் பாருங்கள். பல பழைய லெப்டொப் இதிலேயே எழும்பிவிடும். பற்றரி ஊதியிருந்தால் மட்டும் அதை அமுக்கவோ நெம்பவோ போகாதீர்கள், தீப்பிடிக்கலாம்.

கறுப்புத் திரைதான் நம்மூரில் நான் அதிகம் பார்த்தது. திருகோணமலையில் எந்தப் பக்கம் போனாலும் கடல், ஜன்னல் கம்பியைத் தின்கிற அதே உப்புக் காற்று லெப்டொப்புக்குள்ளும் போகிறது. ஒரு மார்கழி மழைக்குள் உப்புவெளியில் ஒரு ஆசிரியரின் லெப்டொப்பைத் திறந்தேன். ரேமின் பொன்னிறப் பற்கள் மங்கிப்போய், ஓரத்தில் மூன்று பற்களில் கறுப்புப் படிந்திருந்தது. அவருடைய மகளின் வெள்ளை அழிறப்பரை வாங்கி மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, சரிவாக நுழைத்துக் கீழே அமுக்கினேன். ஒன்றும் வரவில்லை. திரும்பக் கழற்றி இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி அமுக்கியபோதுதான் இரண்டு பக்கக் கொழுக்கியும் டக் என்று விழுந்தது, திரையும் வந்தது. முதல் தடவை அந்தச் சத்தம் வராததை நான் கவனிக்கவில்லை. ரேம் இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். உள்ளே கை வைக்க முதல் சார்ஜரும் பற்றரியும் கழன்றிருக்க வேண்டும். பற்றரி உள்ளேயே பூட்டியது என்றால் மதர்போர்டில் (எல்லாப் பாகமும் பூட்டியிருக்கும் முதன்மைப் பலகை) இருந்து அதன் வயரைக் கழற்ற வேண்டும்.

ரேமைத் தொடுவதற்கு முன்னமே திரையில் ரோச் லைட்டைச் சரிவாக அடித்துப் பார்த்தால் நல்லது. மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளிதான் போயிருக்கிறது. வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ வயரால் இணைத்தாலும் தெரிந்துவிடும். மதர்போர்ட் போய்விட்டது என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் செய்தீர்களா என்று கேளுங்கள்.

பெயர் வந்து நிற்கும் லெப்டொப்பில் முதலில் பென் டிரைவைக் கழற்றுங்கள், சில நேரம் அதுவே காரணம். பயோஸுக்குள் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்புத் திரை) போய்க் கண்டதை மாற்றுவது இன்னொரு தவறு. "டிஃபோல்ட்" (கம்பனி வைத்த அமைப்பு) கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள், ஆனால் லெகசி என்ற பழைய தொடக்க முறையில் விண்டோஸ் போட்ட லெப்டொப், அமைப்பு யூஈஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாறிவிட்டால் எழும்பாது. எதையும் மாற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு தடவையும் தேதி பிழையாக வந்தால் உள்ளே இருக்கும் சிறு நாணயப் பற்றரி முடிந்துவிட்டது, பெரும்பாலும் அது சிஆர் 2032, 3 வோல்ட். மழைக்காலத்தில் கரண்ட் போய் வரும் நாளில் பயோஸ் அப்டேட் பக்கமே போகாதீர்கள்.

தண்ணீர் பட்டதை அரிசிக்குள் புதைப்பதில் பலன் இல்லை, கடல் நீர் என்றால் உப்பு உள்ளேயே தங்கி போர்டைத் தின்றுகொண்டிருக்கும். ஓன் பண்ணாமல் பற்றரியைக் கழற்றி நேரே திருத்துபவரிடம் கொண்டுபோங்கள்.

திருகாணிகளை ஒரு கோப்பைக்குள் ஒன்றாகப் போடாதீர்கள். லெப்டொப்பின் அடிப்பக்கத்தை ஒரு தாளில் வரைந்து, எது எங்கே கழற்றியதோ அந்த இடத்திலேயே டேப்பால் ஒட்டி வையுங்கள். நீளமான ஒன்றைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அது மேலே கீபோர்ட் வரை குத்திக்கொண்டு வந்துவிடும்.